கிசுமு வேலைக்கு 'சரி' சொல்றதுக்கு முன்னாடி: ஒரு பயோஸ்டாட்டிஸ்டிஷியன் வாசகிக்கு பதில்

லெட்டர் ரொம்ப நீளமா வந்திருக்கு, அதனால முக்கியமானதை மட்டும் சுருக்கி, எழுதினவங்க யாருன்னு தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தி போடறேன்.

வாசகிக்கு 32 வயசு. எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) முடிச்சுட்டு சென்னையில ஒரு சி.ஆர்.ஓ.ல (மருந்து கம்பெனிகளுக்கு ட்ரையல் நடத்திக் குடுக்கற நிறுவனம்) ஏழு வருஷமா இருக்காங்க, கேன்சர் மருந்து ட்ரையல்களுக்கு சாஸ்ங்கற சாஃப்ட்வேர்ல டேபிளும் கிராஃபும் போட்டுக் குடுக்கற வேலை. இப்ப மேற்கு கென்யாவுல கிசுமுங்கற ஊர்ல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து ஆஃபர் வந்திருக்கு. தாய்-சேய் நல ட்ரையல் ஒண்ணுக்கு ஸ்டாட்டிஸ்டிஷியன், ரெண்டு வருஷ காண்ட்ராக்ட், சம்பளம் இப்ப வாங்கறதை விட கொஞ்சம்தான் ஜாஸ்தி. கணவர் ஐ.டி.ல ரிமோட்டா வேலை பாக்கறார், கூட வர தயார். ஒரே பொண்ணு, மூணு வயசு, 31 வாரத்துலயே பொறந்த குழந்தை. டெலிவரிக்கு முன்னாடி இவங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்காங்க, குழந்தை என்.ஐ.சி.யூ.ல இருந்துட்டு நல்லபடியா வீட்டுக்கு வந்துடுச்சு. "அந்த ஊசி என் பொண்ண காப்பாத்துச்சு மேடம், ஆப்பிரிக்காவுல அது கிடைக்காமதான் குழந்தைங்க சாகுதுன்னு படிச்சேன், அதுலேர்ந்து மனசு கேக்கல"ன்னு எழுதியிருக்காங்க.

கூடவே சந்தேகங்களும் நிறைய. நான் டாக்டர் இல்லையே, நம்பர் போடறவ அங்க போய் என்ன பெருசா செஞ்சிட முடியும்? அங்க டேட்டா எல்லாம் குப்பையா இருக்கும், ஆறு மாசம் க்ளீன் பண்றதுலயே போயிடும்னு ஆபீஸ்ல சொல்றாங்க, நிஜமா? அங்க படிச்ச ஆளுங்க கம்மி, அதனால சீக்கிரமே லீட் ஆயிடலாம்னு ரெக்ரூட்டர் சொல்றார், நம்பலாமா? அமெரிக்கா நிதியை நிறுத்திட்டாங்களே, வேலை பாதியில போயிட்டா? சென்னையில இருந்தே பண்ண முடியாதா? அம்மா வேற "குழந்தையை வெச்சுகிட்டு மலேரியா ஊருக்கா"ன்னு அழறாங்களாம். ஒவ்வொண்ணா பாப்போம்மா.

முதல்ல அந்த ஊசி விஷயத்தை எடுத்துக்கறேன். உங்க முடிவுக்கு அடிப்படையே அதுதான், ஆனா அதுல ஒரு அனுமானம் மட்டும் சரியில்ல. ஊசி உங்க பொண்ணுக்கு உதவியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நியூசிலாந்துல லிகின்ஸ், ஹோவின்னு ரெண்டு டாக்டருங்க 1972லயே முதல் ட்ரையல் ரிசல்ட் போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் பணக்கார நாடுகள்ல பல ட்ரையல் வந்து, குறை மாசத்துல வலி வந்தா இந்த ஊசிங்கறது வழக்கமாவே ஆயிடுச்சு. அப்ப ஏழை நாடுகள்ல கிராமத்து கிளினிக் வரைக்கும் கொண்டு போனா நிறைய குழந்தைங்க பிழைக்குமேன்னு எல்லாரும் நெனச்சாங்க, நீங்க இப்ப நெனக்கிற மாதிரியேதான். அதை சோதிக்க அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆறு நாட்டுல கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிரசவத்தை வெச்சு ஏ.சி.டி.ன்னு ஒரு கிளஸ்டர் ட்ரையல் (ஆள் ஆளா இல்லாம, பகுதி பகுதியா பிரிச்சு ஒப்பிடற ட்ரையல்) நடந்துச்சு. 2015ல லான்செட்ல ரிசல்ட் வந்தப்ப இந்தத் துறையில இருந்தவங்க எல்லாரும் ஆடிப்போயிட்டோம். ரொம்ப எடை கம்மியான குழந்தைகள்ல சாவு குறையல. மொத்தக் குழந்தைகளையும் சேர்த்துப் பாத்தா ஊசியை பரப்பின பகுதிகள்ல ஆயிரத்துக்கு 27.4, மத்த பகுதிகள்ல 23.9, அதாவது ஊசி போன இடத்துல சாவு கூடியிருக்கு. தாய்மாருக்கு தொற்று இருக்கலாம்னு சந்தேகப்பட்ட கேஸும் அங்கதான் ஜாஸ்தி.

அதே மருந்து ஏன் இப்படி ஆச்சு? முழுசா ஒரே காரணம்னு யாராலயும் சொல்ல முடியல, ஆனா ஒண்ணு மட்டும் டேட்டாவுலயே தெரிஞ்சுது. ஊசி வாங்கின பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்புறம் பொறந்தது அவ்வளவு சின்னக் குழந்தையே இல்ல. எத்தனை வாரம்னு தெரிஞ்சாதானே குறை மாசமா இல்லையான்னு சொல்ல முடியும்? ஸ்கேன் இல்லாத இடத்துல கடைசி மாதவிடாய் தேதியை வெச்சோ, டேப் வெச்சு வயித்த அளந்தோதான் கணக்கு போட்டாங்க. உங்களுக்கு முதல் மூணு மாசத்துலயே ஸ்கேன் எடுத்திருப்பாங்க, என்.ஐ.சி.யூ. பக்கத்துலயே இருந்திருக்கும், தொற்று வந்தா பாக்க ஆள் இருந்திருக்கும். அந்த ஊசி வேலை செஞ்சது இவ்வளவும் சுத்தி இருந்ததாலதான்.

அப்புறம் என்ன பண்ணாங்கங்கறதுதான் உங்களுக்கு முக்கியம். மருந்தை தூக்கிப் போடவும் இல்ல, பழைய ரிசல்ட்டை மறைக்கவும் இல்ல. கேள்வியை திருத்தினாங்க. உலக சுகாதார நிறுவனம் ஆக்‌ஷன்-1ன்னு ஒரு ட்ரையல் நடத்துச்சு, பங்களாதேஷ், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான்ல 29 ஆஸ்பத்திரி. 26 வாரத்துல இருந்து 34 வாரத்துக்குள்ள இருக்கற பெண்கள் மட்டும், வாரக் கணக்கு ஸ்கேன் வெச்சு உறுதி பண்ணது, குறை மாசக் குழந்தையை பாக்க வசதி இருக்கற ஆஸ்பத்திரி மட்டும். 2,852 பெண்கள் சேர்ந்ததுமே, நடுவுல டேட்டாவை பாக்கற தனிக் கமிட்டி பலன் தெளிவா தெரியுதுன்னு சீக்கிரமே நிறுத்தச் சொல்லிட்டாங்க. பச்சிளங்குழந்தை சாவு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி போட்ட பக்கம் 19.6 சதவீதம், ப்ளாசிபோ (மருந்து இல்லாத ஊசி) பக்கம் 23.5. 2020ல வெளியாச்சு. யாருக்கு, எந்த வாரத்துல, எந்த மாதிரி ஆஸ்பத்திரியிலன்னு வரையறுக்கற மேஜையில ஸ்டாட்டிஸ்டிஷியனும் உக்காந்திருக்காங்க, 'எப்ப நிறுத்தலாம்'ங்கற ரூல் எழுதறதும் நாமதான். நம்பர் போடறவ என்ன செய்ய முடியும்னு கேட்டீங்கல்ல, இதுதான் செய்ய முடியும்.

இன்னொண்ணும் சொல்லணும். டெலிவரிக்கு அப்புறம் ரத்தப்போக்கை நிறுத்த ட்ரானெக்ஸாமிக் ஆசிட் உதவுமான்னு பாத்த வுமன் ட்ரையல், 21 நாடு, 20,060 பெண்கள், நைஜீரியாவுல இருந்து நிறைய பேர். ஆரம்பத்துல சாவு அல்லது கர்ப்பப்பை எடுக்கறது, ரெண்டையும் சேர்த்து ஒரே முடிவா வெச்சிருந்தாங்க, 15,000 பேர் போதும்னு கணக்கு. ட்ரையல் நடக்கறப்பதான் ஒண்ணு புரிஞ்சுது, கர்ப்பப்பையை எடுக்கலாம்னு டாக்டர் முடிவு பண்றதும், அந்தப் பொண்ணை ட்ரையல்ல சேர்க்கறதும் பல நேரம் ஒரே சமயத்துல நடக்குது, மருந்து வேலை செய்யறதுக்கு முன்னாடியே முடிவு எடுத்தாச்சு, அப்ப மருந்து அதை எப்படி மாத்தும்? அதனால ரத்தப்போக்கால வர்ற சாவை மட்டும் தனியா பாக்க முடியற அளவுக்கு சாம்பிள் சைஸை 20,000க்கு ஏத்தினாங்க. 2017ல ரிசல்ட் வந்தப்ப சேர்த்து வெச்ச முடிவுல வித்தியாசம் தெரியல, ரத்தப்போக்கு சாவுல தெரிஞ்சுது, 1.9 சதவீதத்துல இருந்து 1.5, மூணு மணி நேரத்துக்குள்ள குடுத்தவங்கள்ல 1.7ல இருந்து 1.2. அந்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைல சேத்துடுச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல என்ன வரிசையில என்ன நடக்குதுன்னு யாரோ ஒருத்தர் கவனிச்சு வந்து சொல்லி, இன்னொருத்தர் அதை சாம்பிள் சைஸா மாத்தி இருக்கலன்னா இந்த பதில் நமக்கு கிடைச்சிருக்காது.

டேட்டா குப்பைன்னு சொல்றவங்களுக்கு நான் கொஞ்சம் கோவமாவே பதில் சொல்றேன். கிசுமுவுல இருந்து கிலிஃபி வரைக்கும், கானாவுல நவ்ராங்கோ, கின்டாம்போ, மொசாம்பிக்ல மானிசா, இந்த இடங்கள்ல எல்லாம் வீடு வீடா போய் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாம் வருஷக்கணக்கா பதிவு பண்ற சர்வைலன்ஸ் இருக்கு. நம்ம ஊர்ல பல மாவட்டத்துல இப்படி ஒரு பதிவு கிடையாது. ஆனா டேட்டாவுக்கு அதோட ஊர் வழக்கம் இருக்கும், அது தெரியாம சென்னையில உக்காந்து க்ளீன் பண்ணா தப்பாதான் க்ளீன் பண்ணுவீங்க.

உதாரணத்துக்கு பொறந்த குழந்தையோட எடை. ஹிஸ்டோகிராம் போட்டீங்கன்னா 2500 கிராம்லயும் 3000 கிராம்லயும் கம்பம் மாதிரி நிக்கும். தராசுல நர்ஸ் கிட்டத்துல இருக்கற நூறுக்கோ ஐநூறுக்கோ சரி பண்ணி எழுதறாங்க. எடை குறைவுன்னு நாம வெட்டற கோடும் 2500தான், அதனால 2480 இருந்த குழந்தை 2500ன்னு எழுதினா அது எடை குறைவுலயே வராது. இதை கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராம் எழுதி சரி பண்ண முடியாது, டிஜிட்டல் தராசு வாங்கிக் குடுத்து, லேபர் வார்டுல நின்னு பாத்துதான் சரி பண்ணணும். அப்புறம் இறந்தே பொறந்ததா, பொறந்து ஒரு நிமிஷம் மூச்சு விட்டுட்டு போச்சாங்கற கேள்வி. ராத்திரி ஒரே ஒரு நர்ஸ் மூணு பிரசவத்தை பாக்கற வார்டுல அந்தக் குழந்தைக்கு ரெண்டாவது நிமிஷம் யாரும் முயற்சி பண்ணலைன்னா இறந்தே பொறந்ததுன்னு எழுதிடுவாங்க. உங்க ட்ரையல் மூச்சு குடுக்கற பயிற்சியை பத்தினதுன்னா, பயிற்சிக்கு அப்புறம் இறந்து பிறப்பு குறைஞ்சு, பிறந்த உடனே நடக்கற சாவு கூடின மாதிரி தெரியும். ரெண்டையும் சேர்த்து ஒரே அளவா வெக்கணும்னு முன்னாடியே அனாலிசிஸ் ப்ளான்ல (எதை எப்படி கணக்கெடுக்கப் போறோம்ங்கற திட்டம்) எழுதி வெக்கிற ஆள் நீங்களா இருக்கணும். கானாவுல பல சமூகத்துல குழந்தைக்கு எட்டாம் நாள்தான் பேர் வெச்சு வெளிய காட்டுவாங்க, அதுக்கு முன்னாடி போன குழந்தையை பத்தி வீட்டுக்கு வர்ற சர்வேக்காரங்ககிட்ட பேசவே மாட்டாங்க சில பேர். நம்ம பாட்டிமார்ல எத்தனை பேர் அப்படி ஒரு குழந்தையை பத்தி வாயே திறக்காம இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆளுங்க கம்மி, போன உடனே லீட் ஆயிடலாம்னு ரெக்ரூட்டர் சொன்னதை விட்டுடுங்க. அது நிஜமும் இல்ல, அந்த நெனப்போட போனா அங்க யாருக்கும் உங்களைப் பிடிக்காது. தென்னாப்பிரிக்காவுல விட்ஸ் யுனிவர்சிட்டி தலைமையில எஸ்.எஸ்.ஏ.சி.ஏ.பி.ன்னு ஒரு கூட்டமைப்பு பத்து வருஷமா பல ஆப்பிரிக்க நாடுகள்ல பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல எம்.எஸ்சி., பி.எச்டி. பண்ண வெச்சுகிட்டிருக்கு. நான் கூட வேலை செஞ்ச கென்ய, உகாண்டா, மலாவி ஸ்டாட்டிஸ்டிஷியன்கள்ல பல பேர் கிளஸ்டர் ட்ரையல்ல என்னை விட கெட்டி. உங்களுக்கு அங்க கத்துக்க வேண்டியது இருக்கு. நீங்க பண்ணினது எல்லாம் ஒவ்வொரு நோயாளியா ரேண்டமைஸ் பண்ற (குலுக்கல் மாதிரி எந்தப் பக்கம்னு பிரிக்கற) மருந்து ட்ரையல், அங்க பாதிக்கு மேல ஆஸ்பத்திரியையோ கிராமத்தையோ மொத்தமா ரேண்டமைஸ் பண்ணுவாங்க. ஒரே ஆஸ்பத்திரியில பிரசவிக்கிற பெண்களோட ரிசல்ட் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும், அதனால ஆள் எண்ணிக்கை பெருசா இருந்தாலும் தகவல் அவ்வளவு இருக்காது. கணக்கு உங்களுக்கு தெரிஞ்சதுதான், ஒரு ஆஸ்பத்திரிக்கு 100 பேர், ஐ.சி.சி. (ஒரே ஆஸ்பத்திரியில இருக்கறவங்க எவ்வளவு ஒத்துப்போறாங்கங்கற அளவு) 0.02 தான்னாலும் டிசைன் எஃபெக்ட் (ஆள் எண்ணிக்கையை எத்தனை மடங்கு ஆக்கணும்ங்கறது) கிட்டத்தட்ட 3, அதாவது 3,000 பேர் போதும்னு நெனச்ச இடத்துல 9,000 பேர் வேணும். ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும், அந்த 0.02 எங்க இருந்து எடுக்கறதுங்கறதுதான் அனுபவம்.

இ-மோட்டிவ்னு ஒரு ட்ரையலை எடுத்து புரோட்டோகாலும் அனாலிசிஸ் ப்ளானும் உக்காந்து படிங்க, போறீங்களோ இல்லையோ. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவுல 80 ஆஸ்பத்திரி, ரெண்டு லட்சத்துக்கு மேல பெண்கள், 2023ல வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் போற ரத்தத்தை அளவுக்கோடு போட்ட பையில பிடிச்சு, அதிகமா போகுதுன்னு தெரிஞ்ச உடனே மசாஜ், மருந்து, ட்ரிப் எல்லாத்தையும் வரிசையா காத்திருக்காம ஒண்ணா குடுக்கறது, அவ்வளவுதான் விஷயம். ரத்தப்போக்கை கண்டுபிடிச்சது 51.1 சதவீதத்துல இருந்து 93.1க்கு போச்சு. கடுமையான ரத்தப்போக்கு, அதுக்கு வயித்தை திறக்கற ஆபரேஷன், அதனால சாவு மூணையும் சேர்த்த முடிவு வழக்கமான சிகிச்சையில 4.3 சதவீதம், இதுல 1.6. ஒரு பக்கம் கோடு போட்ட பை, இன்னொரு பக்கம் வெறும் கண் மதிப்புன்னு இருந்திருந்தா ரெண்டையும் ஒப்பிடவே முடியாது, அதனால ரெண்டு பக்கமும் ரத்தத்தை எடை போட்டுதான் முடிவை கணக்கெடுத்தாங்க, கோடு போட்ட பை மட்டும் ஒரு பக்கம். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அதை நான் ஜூனியர்களுக்கு படிக்கக் குடுக்கறேன்.

ஆஃபர்ல எதை கேக்கணும்

சம்பளத்தை விட முக்கியமா ஒரு கேள்வி இருக்கு: நீங்க எப்ப உள்ள வர்றீங்க? ட்ரையல் ஏற்கனவே ஆள் சேர்த்து முடிச்சு, அனாலிசிஸ் லண்டன்லயோ அமெரிக்காவுலயோ ஒரு யுனிவர்சிட்டியில நடக்கப்போகுது, உங்களுக்கு டேட்டா க்வெரியும் மாசாந்திர ரிப்போர்ட்டும் மட்டும்னா, அது நீங்க இப்ப பண்ற வேலைதான், ஊர் மட்டும் வேற. அதுக்கு குடும்பத்தை தூக்கிட்டு போக வேணாம்னு நேராவே சொல்றேன். அனாலிசிஸ் ப்ளான்ல உங்க பேர் இருக்குமா, அடுத்த ட்ரையலோட டிசைன் மீட்டிங்ல உக்காருவீங்களா, வார்டுக்கு போக அனுமதி உண்டான்னு கேட்டு மெயில்ல வாங்குங்க. போன்ல "ஆமாமா எல்லாம் உண்டு"ன்னு சொல்றது செல்லாது.

ஆத்தர்ஷிப்பையும் அப்பவே பேசிடுங்க. ஐ.சி.எம்.ஜே.ஈ.ன்னு மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சேர்ந்து வெச்ச வரையறை இருக்கு: டிசைன்லயோ அனாலிசிஸ்லயோ கணிசமான பங்கு, எழுதறதுல அல்லது திருத்தறதுல பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பு. ஸ்டாட்டிஸ்டிஷியனை நன்றி சொல்ற இடத்துல போட்டுட்டு போறது இன்னும் நிறைய நடக்குது. அதே மாதிரி, கூட வேலை செய்யற கென்ய ஜூனியரோட பேர் விடுபடாம பாக்கறது உங்க பொறுப்பு. வெளியூர்ல இருந்து வந்து டேட்டாவை எடுத்துட்டு போயிட்டாங்கங்கற மனக்குறை அந்த ஊர்ல நியாயமாவே இருக்கு, ஆப்பிரிக்கால எடுத்த டேட்டாவுக்கு ஆப்பிரிக்க ஆத்தரே இல்லாத பேப்பரை பெரிய ஜர்னல்கள் இப்ப கேள்வி கேக்குது. காண்ட்ராக்ட்ல ஒரு உள்ளூர் ஸ்டாட்டிஸ்டிஷியனுக்கு பயிற்சி குடுக்கற பொறுப்பையும் சேருங்கன்னு நீங்களே கேளுங்க. அது நல்ல விஷயம், உங்களைப் பத்தி நல்லபடியாவும் சொல்லும்.

பணம் எங்க இருந்து வருது

இந்த பயம் நியாயமானது. 2025 தொடக்கத்துல யு.எஸ்.எய்டை (அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பு) கலைச்சதுல பல வேலை ஒரே வாரத்துல நின்னுச்சு. 1984லேர்ந்து நடந்துட்டு வந்த டி.எச்.எஸ்.ங்கற பல நாட்டு மக்கள்தொகை, சுகாதார சர்வேயே நின்னு போச்சு, கேட்ஸ் ஃபவுண்டேஷன் பணத்துல கொஞ்சம்தான் திரும்ப ஓடுது. பல ஆப்பிரிக்க நாட்டுல தாய், சேய் சாவு கணக்குக்கு நாங்க நம்பியிருந்தது அதைத்தான், அதை நெனச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. அதே வருஷம் மே மாசம் அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்.சும் வெளிநாட்டுக்கு துணை மானியமா போற பணத்தோட விதியை மாத்துச்சு. அதனால சம்பளம் எந்த கிராண்ட்ல இருந்து, அது எந்த தேதி வரைக்கும், நின்னா எத்தனை மாச நோட்டீஸ், திரும்பி வர டிக்கெட் யார் போடறது, நாலையும் எழுத்துல கேளுங்க. ஐரோப்பிய கிராண்ட், வெல்கம் ட்ரஸ்ட், கேட்ஸ்னு ரெண்டு மூணு இடத்துல இருந்து பணம் வர்ற நிறுவனமா இருந்தா ரிஸ்க் கம்மி. சம்பளம் ஷில்லிங்லயா டாலர்லயான்னும் பாருங்க, 2024 தொடக்கத்துல டாலருக்கு 160 ஷில்லிங் வரைக்கும் போயிட்டு அப்புறம் 130 பக்கம் இறங்குச்சு, உங்களுக்கு வீட்டு லோன் இங்க இருக்கறதால இது சின்ன விஷயம் இல்ல. வருமான வரி, பி.எஃப்., 182 நாள் கணக்கெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசிடுங்க.

சென்னையில இருந்தே பண்ணலாமா

பண்ணலாம், ஒரு பகுதி வரைக்கும். பேர், போன் நம்பர் எடுத்த டேட்டாவை வெச்சு அனாலிசிஸ் பண்றது எங்க இருந்தும் முடியும், பல பேர் பண்றாங்க. தாய்மாரோட அடையாளம் உள்ள ஃபைல் நாட்டை விட்டு வெளிய போறதுக்கு கென்யாவோட 2019 டேட்டா பாதுகாப்பு சட்டம் நிபந்தனை வெச்சிருக்கு, எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் வேணும், அதனால முழுசா ரிமோட்னா உங்களுக்கு கிடைக்கறது கடைசி கட்ட டேட்டா மட்டும்தான். மேல சொன்ன தராசு, நர்ஸ் எதுவுமே உங்க கண்ணுல படாது. என்னோட யோசனை, முதல் வருஷம் அங்க, ரெண்டாவது வருஷம் பாதி இங்க பாதி அங்கன்னு கேட்டுப் பாருங்க. குடும்பம் உள்ளவங்களுக்கு சில நிறுவனங்கள் ஒத்துக்கறாங்க.

கணவர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. டிபென்டன்ட் பாஸ்ல வர்றவங்க அங்க வேலை பாக்க அனுமதி கிடையாது, வெளிநாட்டு கம்பெனிக்கு ரிமோட்டா வேலை செய்யறவங்களுக்குன்னு 2024ல கென்யா தனி பெர்மிட் கொண்டு வந்திருக்கு. "லேப்டாப்தானே, யார் கேக்கப்போறா"ன்னு போயிடாதீங்க, எச்.ஆர்.கிட்டயும் அவர் கம்பெனிகிட்டயும் ரெண்டு பக்கமும் எழுத்துல கேட்டுடுங்க.

திரும்பி வந்தா வேலை கிடைக்குமா

கிடைக்கும், ஆனா அதே நாற்காலி கிடைக்காது. அங்க 'ஆர்' (R), 'ஸ்டேட்டா'ன்னு வேற சாஃப்ட்வேர்தான் அதிகம், சாஸ் கை விட்டுப் போகும், மருந்து கம்பெனிகளுக்கு வேண்டிய சி.டிஸ்க்ங்கற டேட்டா ஸ்டாண்டர்டுலயும் ரெண்டு வருஷம் பின்தங்குவீங்க. பதிலுக்கு டிசைன், கிளஸ்டர் அனாலிசிஸ், இடைக்கால ஆய்வு, பேர் போட்ட பேப்பர், இதெல்லாம் கையில இருக்கும். வேலூர் சி.எம்.சி., சென்னை அயப்பாக்கத்துல ஐ.சி.எம்.ஆர்.ஓட தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் மாதிரி இடத்துல அதுக்கு மதிப்பு உண்டு. பி.எச்டி. ஆசை இருந்தா அந்த ட்ரையல்ல இருந்தே ஒரு மெத்தட்ஸ் கேள்வியை எடுத்து பண்ணுங்க, சும்மா டிகிரிக்காக தனியா ஒண்ணு ஆரம்பிக்காதீங்க.

குழந்தையும் உங்க மனசும்

இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதறேன். இந்த வேலையில ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குறிப்பு வரும். எத்தனை மணிக்கு வலி வந்துச்சு, ஆம்புலன்ஸ் எப்ப வந்துச்சு, எப்ப மூச்சு நின்னுச்சுன்னு. உலகத்துல 2023ல தாய்மார் சாவு சுமார் 2,60,000, அதுல பத்துல ஏழு சஹாராவுக்கு தெற்கே இருக்கற ஆப்பிரிக்காவுலதான். அந்த எண்ணிக்கையை ஸ்லைட்ல பாக்கறது வேற, 31 வாரக் குழந்தை ஒண்ணோட குறிப்பை நீங்க, 31 வாரக் குழந்தையை பெத்தவங்க, ராத்திரி பத்து மணிக்கு தனியா படிக்கறது வேற. உங்களால முடியாதுன்னு சொல்லல. பலருக்கு அந்த அனுபவமே கவனத்தை கூர்மையாக்கும். ஆனா என்.ஐ.சி.யூ. நாட்களை பத்தி யார்கிட்டயும் பேசினதே இல்லன்னு எழுதியிருக்கீங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கவுன்சிலர்கிட்ட ரெண்டு மூணு தடவை பேசிடுங்க, அங்க போனதும் இறப்புக் குறிப்புகளை டீம்ல பிரிச்சு படிக்கற வழக்கம் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா நீங்க கொண்டு வாங்க.

அம்மா பயப்படறதுல அர்த்தம் இருக்கு, விக்டோரியா ஏரியை சுத்தின பகுதிதான் கென்யாவுலயே மலேரியா அதிகம் உள்ள இடம். கொசுவலை, ஜன்னல்ல வலை, காய்ச்சல் வந்தா அன்னிக்கே ரத்தப் பரிசோதனை, இதுல சமரசமே கூடாது, குழந்தைக்கு தடுப்பு மாத்திரை எத்தனை நாள், எதுன்னு ட்ராவல் கிளினிக்ல எடை பாத்து சொல்லட்டும். மத்தபடி கிசுமுவுல 1901ல ரயில் போய் சேர்ந்த காலத்துல இருந்து இந்தியக் குடும்பங்கள் இருக்கு, பெரும்பாலும் குஜராத்திகள். துவரம் பருப்பும் அரிசியும் கிடைக்கும், புளியும் பெருங்காயமும் கொண்டு போங்க, அம்மாகிட்ட இதையும் சொல்லுங்க.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க. போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்டிபிகேட் செல்லுபடி ஆகும், கென்யாவுல இருந்து திரும்பறப்ப அது இல்லன்னா இங்க ஏர்போர்ட்ல தனிமைப்படுத்திடுவாங்க. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, மூணு பேருமே போட்டுக்கணும். பொண்ணோட என்.ஐ.சி.யூ. டிஸ்சார்ஜ் சம்மரி, கண் பரிசோதனை, காது பரிசோதனை ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துகிட்டு போய் உங்க குழந்தை டாக்டரை ஒரு தடவை பாருங்க. குறை மாசக் குழந்தைக்கு அஞ்சு வயசு வரைக்கும் வளர்ச்சியை தொடர்ந்து பாக்கணும், அதை கிசுமுவுலயே பாக்க முடியுமா, வருஷத்துக்கு ஒரு தடவை நைரோபிக்கு கூட்டிட்டு போகணுமா, அந்த செலவை நிறுவனத்தோட இன்ஷூரன்ஸ் ஏத்துக்குமான்னு ஆஃபர் லெட்டருக்கு பதில் போடற அதே மெயில்லயே கேட்டுடுங்க.